உரியும் பூச்சும் தேயும் பூச்சும்

தோட்டத்து மரவேலிக்கு நிறம் பூச நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வருஷம் தாங்கும்?" என்பதுதான். அதற்கான பதிலும் டப்பாவின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். ஐந்து, எட்டு, பத்து என்று ஏதாவது ஓர் எண். நான் அந்த எண்ணை வைத்து எதையும் வாங்குவதில்லை. என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லித் தருகிற கேள்வி வேறு: இந்தப் பூச்சு போகும்போது எப்படிப் போகும்?

வெளியில் நிற்கிற மரத்தில் எந்தப் பூச்சும் நிரந்தரமாக நிற்காது. ஒன்று உரிந்து போகும், இல்லாவிட்டால் தேய்ந்து போகும். உரிகிற பூச்சைப் பூசியவர் அடுத்த முறை பிரஷைத் தொடுவதற்கு முன் நாள்கணக்கில் சுரண்ட வேண்டியிருக்கும். தேய்கிற பூச்சைப் பூசியவர் வேலியைக் கழுவிக் காயவிட்டு, மேலே இன்னொரு கை பூசிவிட்டுப் போய்விடலாம். வேலி என்பது நீளமான சாமான். இரண்டு பக்கமும், ஒவ்வொரு பலகையின் விளிம்பும், இடுக்கும், குறுக்குச் சட்டமும் சேர்ந்தால் ஒரு வீட்டுச் சுவரை விட அதிகப் பரப்பு வரும். அவ்வளவையும் சுரண்டுவது யாராலும் ஆகிற காரியம் இல்லை. அதனால்தான் பெரும்பாலான வேலிகள் முதல் பூச்சு உரிந்ததோடு கைவிடப்படுகின்றன.

பூச்சே இல்லாத பலகை வெயிலில் நின்றால் என்ன ஆகிறது என்பதைப் பார்த்துவிட்டால் மற்றவை எளிதாகப் புரியும். மரத்தின் உடம்பு செல்லுலோஸ் நார்களால் ஆனது. அந்த நார்களைப் பிடித்து வைத்திருப்பது லிக்னின். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை மரத்தில் அதிகமாக உறிஞ்சுவதும் இந்த லிக்னின்தான். உறிஞ்சி உறிஞ்சியே அது சிதைகிறது. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது பிடிப்பு இழந்த, வெளிறிய நார். அதன் மேல் கரும்பூஞ்சை படரும்போது பழைய வேலிகளில் பார்க்கிற சாம்பல் நிறம் வந்துவிடுகிறது. விரலை அழுத்தித் தேய்த்தால் மெல்லிய நார்கள் கையோடு வரும்.

பார்க்கக் கவலையாக இருந்தாலும் இந்தச் சேதம் மிக மேலோட்டமானது. புற ஊதாக் கதிர் மரத்துக்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இறங்குவதில்லை. பைன் போன்ற ஊசியிலை மரங்கள் வெயிலிலும் மழையிலும் தேய்வது நூறு ஆண்டுக்குச் சுமார் 6 மி.மீ. என்பது மர ஆய்வாளர்களின் கணக்கு. எனவே சாம்பல் நிறம் பிடித்திருக்கிறதென்றால் வேலியை அப்படியே விட்டுவிடுவதும் முழுமையான, நியாயமான முடிவு. மரத்தை உண்மையில் இற்றுப்போக வைப்பது ஈரமும், ஈரத்தில் வளரும் பூஞ்சையும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதை மக்கவைக்கும் பூஞ்சையால் வேலை செய்ய முடியாது. 30 சதவீதத்தை ஒட்டி ஏறி, அங்கேயே நின்றுவிட்டால்தான் ஆபத்து.

ஆக, பூச்சு இரண்டு வேலை செய்ய வேண்டும். வெயிலை மறிக்க வேண்டும். தண்ணீரைக் குறைவாக உள்ளே விட்டு, போன தண்ணீரைத் தாராளமாக வெளியே விட வேண்டும். இரண்டாவது பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

வெயிலை மறிப்பது நிறமி. கண்ணுக்கு அழகாகத் தெரிகிற அதே துகள்கள்தான் கதிரை மரத்தின் மேல் விழவிடாமல் தடுக்கின்றன. நிறமி கூடக்கூடக் காவல் கூடும். மரத்தின் ரேகை அந்த அளவுக்கு மறையும். இந்தப் பேரத்திலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. "மரம் மரமாகவே தெரியணும், நிறமே வேண்டாம்" என்று நிறமில்லாத வார்னிஷை வேலிக்குப் பூசுகிறவர்கள் வெயிலுக்குக் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் பூட்டு மட்டும் மாட்டுகிறார்கள். கதிர் வார்னிஷை ஊடுருவிப் போய் அடியில் உள்ள லிக்னினைச் சிதைக்கும். பிடித்துக்கொண்டிருந்த மரத்தின் மேல்தோலே கழன்றுவிடுவதால் வார்னிஷ் கண்ணாடித் தாளாக எழும்பி வரும். முழு வெயிலில் இதற்கு ஒன்றிரண்டு ஆண்டு போதும். படகுகளுக்குப் பூசும் உயர்ரக வார்னிஷ்கூட அடுக்கடுக்காகப் பல கை பூசி, ஆண்டுதோறும் புதுப்பித்தால்தான் நிற்கிறது. வேலிக்கு அந்த உபசாரம் செய்ய முடியாது. நிறமற்ற எதையும் வேலிக்கு நான் பரிந்துரைப்பதே இல்லை.

அடுத்து தண்ணீர். வீட்டுச் சுவரில் பதித்த பலகைக்கும் வேலிப் பலகைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. சுவர்ப் பலகைக்கு மேலே கூரை உண்டு, பின்பக்கம் காய்ந்த இடம் உண்டு. வேலிக்கு எதுவும் கிடையாது. நாலா பக்கமும் நனையும். மேல்முனை வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். அந்த வெட்டுமுனையில்தான் மரத்தின் நீர்க்குழாய்கள் வாய் திறந்து நிற்கின்றன. பலகையின் முகத்தைவிட வெட்டுமுனை வழியாகத் தண்ணீர் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாக உள்ளே போகும். ஆணி அடித்த ஓட்டை, பலகை சட்டத்தோடு ஒட்டுகிற இடுக்கு, வெயிலில் விழுந்த மயிர்க்கோடு போன்ற வெடிப்பு எல்லாமே வாசல்கள். வேலிக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும் என்ற முடிவோடுதான் பூச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தடித்த படலமாக நிற்கும் எனாமல் பெயின்ட் பூசிய பழைய வேலி ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பலகையின் அடிமுனையில் பெயின்ட் சிறு கொப்புளமாக உப்பியிருக்கும். நகத்தால் நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்குப் பொருக்காகப் பெயர்ந்து வரும். அதன் உட்பக்கத்தில் மரத்தின் நார்கள் அச்சுப் பிசகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். திறந்த இடத்தில் மரம் கறுத்து, தொட்டால் சில்லென்று இருக்கும். மழை பெய்து நாளாகியிருந்தாலும் அந்த ஈரம் போயிருக்காது. வெட்டுமுனை வழியாக உள்ளே போன தண்ணீர் வெயில் பட்டதும் ஆவியாகி வெளியே வரப் பார்த்திருக்கிறது, படலம் வழிவிடவில்லை, கடைசியில் படலத்தையே தள்ளிவிட்டு வெளியே வந்திருக்கிறது. தள்ள முடியாத இடங்களில் உள்ளேயே தங்கிப் பூஞ்சைக்குச் சோறு போட்டிருக்கிறது. பாதுகாப்புக்கென்று பூசியதே மரத்தை இற்றுப்போக வைத்த கதை இது. பெயின்ட் மட்டமான சரக்கு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அது வேலிக்கு ஏற்ற சரக்கு இல்லை, அவ்வளவே.

என் தேர்வு எப்போதும் ஊடுருவும் வகைதான். கடைகளில் வுட் ஸ்டெயின் என்று விற்பார்கள். இதில் பிசினும் எண்ணெயும் குறைவாக, நீர்த்த நிலையில் இருக்கும். மரத்தின் மேல் படுத்துக்கொள்ளாமல் நார்களுக்குள் இறங்கி, நிறமியை மேற்பரப்பிலேயே பிடித்துவைக்கும். படலம் இல்லாததால் உரிய எதுவும் இல்லை. வெயில் பிசினை மெல்ல மெல்ல அரிக்க, நிறமியும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர, நிறம் மங்கிக்கொண்டே வரும். மங்குவதுதான் அடுத்த பூச்சுக்கான நேரம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

அதிலும் இரண்டு தரம். அரைத் தெளிவு ஸ்டெயினில் ரேகை தெரியும், நிறமி மிதமாக இருக்கும். இழைத்த வழுவழுப்பான பலகையில் முதல் பூச்சு இரண்டு முதல் நான்கு ஆண்டு நிற்கும். முழு மறைப்பு ஸ்டெயினில் நிறமி நிறைய இருக்கும். ரேகை மறைந்து மரத்தின் சொரசொரப்பு மட்டும் தெரியும். அது கூடுதல் காலம் நிற்கும். ஆனால் பூச்சுக்கு மேல் பூச்சாக ஏற்றிக்கொண்டே போனால் நாளடைவில் அதுவும் படலமாகி உரியத் தொடங்கும். புதிய வேலி என்றால் அரைத் தெளிவில் ஆரம்பியுங்கள் என்பேன். பிறகு எப்போது வேண்டுமானாலும் முழு மறைப்புக்கு மாறலாம். திரும்பி வருவதுதான் கஷ்டம். பல ஆண்டு சாம்பல் படிந்து, பலகைக்குப் பலகை நிறம் மாறி நிற்கிற பழைய வேலிக்கு முழு மறைப்புதான் சரி. அரைத் தெளிவு பூசினால் திட்டுத்திட்டாகத் தெரியும்.

இவை தவிர, வேலிக்கென்றே தண்ணீராக இருக்கும் மெழுகு கலந்த வண்ணம் ஒன்று பெரிய வாளிகளில் கிடைக்கும். மளமளவென்று பூசிவிடலாம், புதிதில் நன்றாகவே இருக்கும், சீக்கிரம் வெளிறும். வெளிறுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த மெழுகு மரத்தில் தங்கி, பிறகு பூசுகிற நல்ல பூச்சை ஒட்டவிடாமல் செய்வதுதான் என் வருத்தம். நீடிக்க வேண்டும் என்று நினைத்தால் அந்த வாளியைத் தொட வேண்டாம்.

எண்ணெய் அடிப்படையா, தண்ணீர் அடிப்படையா என்ற வாதமும் ஓயாமல் நடக்கிறது. எண்ணெய் ஆழமாக இறங்கும். சொரசொரப்பான பலகைக்கும் எண்ணெய்ப்பசை உள்ள மரத்துக்கும் நல்லது. ஆனால் ஆளிவிதை எண்ணெயைப் பூஞ்சை விரும்பித் தின்னும். பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்க்காத வெறும் ஆளிவிதை எண்ணெய், ஈரக்காற்று அடிக்கும் இடங்களில் கரும்புள்ளி போட்டுவிடும். தண்ணீர் அடிப்படையிலான அக்ரிலிக் வகை அவ்வளவு ஆழம் போகாது. ஆனால் மரம் ஊறி விரியும்போதும் காய்ந்து சுருங்கும்போதும் கூடவே நெகிழ்ந்து கொடுக்கும். நிறமும் கூடுதல் நாள் நிற்கும். செடிகளுக்குப் பக்கத்தில் பூச மணமும் குறைவு. முழு மறைப்பில் அக்ரிலிக்கும், அரைத் தெளிவில் எண்ணெயும் என் விருப்பம். இதில் நான் யாரோடும் சண்டைக்குப் போக மாட்டேன்.

நிறத்துக்கு வருகிறேன். எந்த நிறம் என்பதை ரசனை சம்பந்தப்பட்டது என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் எது எத்தனை நாள் நிற்கும் என்பதை முடிவு செய்வதில் நிறத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரும்பு ஆக்சைடு நிறமிகளை எதுவும் அசைக்க முடியாது. காவி, மஞ்சள் காவி, செம்பழுப்பு, கரும்பழுப்பு, கறுப்பு என்று மண்ணின் நிறங்கள் எல்லாம் இந்தக் குடும்பம். துருப்பிடித்த இரும்புக்கு இதற்கு மேல் பிடிக்கத் துருவில்லை. வெயில் அதை என்ன செய்துவிட முடியும்? இவற்றை மிக நுண்ணிய துகளாக அரைத்து, ரேகை தெரியும்படி ஒளியை விட்டுக்கொண்டே புற ஊதாவை மட்டும் விழுங்கும் வகையும் இப்போது செய்கிறார்கள். நல்ல அரைத் தெளிவு ஸ்டெயின்களில் இருப்பது அதுதான். புகைக்கரி நிறமியான கார்பன் பிளாக் புற ஊதாவை உறிஞ்சுவதில் இன்னும் கெட்டி. பச்சையும் நீலமும் வேண்டுமென்றால், 1930களில் விற்பனைக்கு வந்த தாலோசயனின் நிறமிகள் கலந்ததாகப் பாருங்கள். வெயிலுக்கு நன்றாக நிற்கும். பளீர் சிவப்பு, ஊதா, எலுமிச்சை மஞ்சள் போன்றவற்றில் மலிவான கரிமச் சாயங்கள் இருந்தால் தெற்கும் மேற்கும் பார்த்த பலகைகள் முதலில் வெளிறி, வேலி இரண்டு நிறமாகிவிடும். வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: நிறம் தருவது நிறமியா, சாயமா? சாயம் கரைந்து நிற்பது, வெயிலில் சிதைந்துவிடும். நிறமி கரையாத துகள். டப்பாவைத் திறந்து குச்சியை விட்டுப் பாருங்கள். அடியில் மண்டி கனமாகத் தட்டினால் நிறமி இருக்கிறது என்று பொருள்.

இரும்பு ஆக்சைடு எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு ஸ்வீடனின் ஃபாலுன் சிவப்பைவிடச் சான்று வேண்டாம். ஃபாலுன் நகரில் இருந்த பெரிய செம்புச் சுரங்கத்தின் கழிவு மண்ணிலிருந்து வந்த நிறம் அது. 16ஆம் நூற்றாண்டிலிருந்தே அதைப் பற்றிய குறிப்பு கிடைக்கிறது. பின்னர் நாடு முழுக்க மரவீடுகளும் கொட்டகைகளும் வேலிகளும் அந்தக் கருஞ்சிவப்பிலேயே நின்றன. சுரங்கம் 1992இல் மூடப்பட்டது. 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. வண்ணம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதன் செய்முறை எனக்கு மிகவும் பிடித்தது. தண்ணீர், மாவு, அன்னபேதி என்கிற இரும்பு சல்ஃபேட், சுரங்கத்துக் காவி, கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய். எல்லாம் சேர்ந்து காய்ச்சிய கஞ்சி. ரம்பம் அறுத்த சொரசொரப்பான பலகையில் இந்தக் கஞ்சியைப் பூசினால் அது படலம் கட்டுவதில்லை. மரம் தாராளமாக மூச்சு விடும். ஆண்டுகள் போகப்போகப் பொடியாக உதிர்ந்து மங்கும். மறுபடி பூசும்போது உதிரியை விறைப்பான பிரஷால் தட்டிவிட்டால் போதும், சுரண்டல் கிடையாது. புதிய ரசாயனம் எதையும் அறியாத காலத்து ஆட்கள் உரியாத பூச்சைக் கண்டுபிடித்து நூற்றாண்டுக் கணக்கில் அதையே பூசி வந்திருக்கிறார்கள். அருகில் போனால் கையில் சிவப்புப் பொடி ஒட்டும். அந்தக் குறை வேலிக்குப் பெரிய குறை இல்லை, பிள்ளைகள் சாய்ந்து விளையாடும் இடமாக இல்லாதவரை.

கருநிறத்துக்கு ஓர் எச்சரிக்கை. கறுப்பும் கரும்பழுப்பும் புற ஊதாவை நன்றாக மறிக்கும் என்றேன். ஆனால் வெயிலைக் குடித்துப் பலகையைச் சுட வைக்கும். சூடான பலகை அதிகம் காய்ந்து சுருங்கும், வெடிக்கும், நெளியும். பைன் மரத்தின் கணுக்களிலிருந்து பிசின் உருகி வழியும். பலகை மெல்லியதாகவும் இடம் உச்சி வெயிலாகவும் இருந்தால் நடுத்தரப் பழுப்போ காவியோ நல்லது. வெள்ளையும் வெளிர்நிறமும் குளிர்ச்சி. டைட்டானியம் டை ஆக்சைடு வெயிலை நன்றாகவே திருப்பி அனுப்பும். ஆனால் பாசியும் மண்தெறிப்பும் மரத்தின் சாறும் அப்படியே தெரியும். ஓக், செடார் போன்ற மரங்களில் உள்ள டானின் பழுப்புக் கறையாக வெளிநிறத்தில் கசிந்து வரும். இரும்பு ஆணி இருந்தால் அதைச் சுற்றி மை கொட்டியதுபோல் கறுக்கும். அந்த மரங்களுக்குத் துருப்பிடிக்காத எஃகு ஆணி கட்டாயம். வெளிர்நிறம் பூசுவதாயிருந்தால் கறை தடுக்கும் பிரைமரும் கட்டாயம்.

நிறப்பூச்சையும் மரப்பாதுகாப்பு மருந்தையும் ஒன்றென்று நினைக்கிறவர்கள் அதிகம். ஸ்டெயினில் இருக்கும் பூஞ்சைத் தடுப்பு பெரும்பாலும் மேற்பரப்பில் கரும்புள்ளி வராமல் பார்த்துக்கொள்ளத்தான். மரம் உள்ளுக்குள் மக்காமல் இருக்க வேண்டுமானால் ஒன்று மரமே அப்படிப்பட்ட மரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மருந்து அழுத்தத்தில் உள்ளே ஏற்றப்பட்டிருக்க வேண்டும். தேக்கின் வைரம் பாய்ந்த நடுப்பகுதி தானாகவே நிற்கும். அதே தேக்கின் வெளிமரம் நிற்காது. எந்த மரத்தின் வெளிமரத்துக்கும் இயற்கையான காவல் கிடையாது. பலகையில் வெளிறிய பட்டை தெரிந்தால் அது தேக்கா, வேறா என்று பார்ப்பதில் பயனில்லை.

அழுத்தத்தில் மருந்தேற்றும் தொழிலின் பெரிய திருப்பம் ஓர் இந்தியரின் கைவண்ணம் என்பதை நான் சொல்லாமல் நகர மாட்டேன். 1933இல் சோன்டி காமேசன் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து உருவாக்கிய மருந்துதான் உலகம் முழுக்கத் தந்திக் கம்பங்களையும் வேலிக்கால்களையும் காப்பாற்றியது. செம்பும் ஆர்சனிக்கும் பூஞ்சையையும் பூச்சியையும் கொல்ல, குரோமியம் இரண்டையும் மழையில் கழுவிப் போகாமல் நாரோடு பிணைத்தது. ஆர்சனிக் பற்றிய அச்சத்தால் 2003 இறுதியோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களில் அதை நிறுத்திக்கொண்டார்கள். இப்போது பெரும்பாலும் ஆர்சனிக் இல்லாத, செம்பை அடிப்படையாகக் கொண்ட கலவைகள். புதிய பலகையில் தெரிகிற இளம்பச்சை அந்தச் செம்பின் நிறம். அப்படிப்பட்ட மரம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் நிறம் பூச அவசரப்படக் கூடாது. மருந்தோடு ஏறிய தண்ணீர் காய வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். பழைய வேலியைப் பிரித்தால் அந்த மரத்தை மட்டும் எரிக்கவே வேண்டாம். புகையிலும் சாம்பலிலும் நஞ்சு இருக்கும்.

மண்ணுக்குள் நிற்கிற வேலிக்கால் தனி விஷயம். மண்மட்டத்துக்குச் சற்று மேலும் கீழுமான அந்த ஒரு சாண் உயரத்தில் ஈரமும் காற்றும் சேர்ந்தே கிடைப்பதால் கால் அங்கேதான் ஒடியும். எந்த நிறப்பூச்சாலும் அதைத் தடுக்க முடியாது. மருந்தேற்றிய கால், அல்லது மண்ணில் படாமல் தூக்கி நிறுத்தும் இரும்புக் கவ்வி, அல்லது கல்தூண். இவற்றில் ஒன்றுதான் வழி. பலகைகளின் அடியும் மண்ணைத் தொடாமல் நாலு விரல் இடைவெளி விட வேண்டும். இதைச் செய்யாமல் விலையுயர்ந்த ஸ்டெயினைத் தேடுவது வீண்.

பூசுவதற்கு முன் பரப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இழைத்துப் பளபளப்பாக்கிய பலகை கண்ணுக்கு நேர்த்தி, ஸ்டெயினுக்கு எதிரி. ரம்பம் அறுத்த சொரசொரப்பான முகம் கூடுதல் பூச்சைக் குடிக்கும், இரு மடங்கு காலம்கூட வைத்திருக்கும். பலகையின் ஒரு முகம் இழைத்தும் மறுமுகம் அறுத்தபடியும் இருந்தால் சொரசொரப்பை வெயில் பக்கமாகத் திருப்பி அடிக்கச் சொல்வேன். ஏற்கெனவே இழைத்திருந்தால் 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் ஒரு தடவை கீறிவிட்டால் போதும். புது மரத்தை வெயிலில் மாதக்கணக்கில் போட்டுப் பழக்கிவிட்டுப் பூசு என்று ஒரு பழைய அறிவுரை உலவுகிறது. மேல்தோல் சிதைவதற்குச் சில வாரங்களே போதும் என்பதால் அது தவறு. மரம் காய்ந்திருந்தால் உடனே பூசலாம். தெரியவில்லையா? நாலு சொட்டுத் தண்ணீரைத் தெளியுங்கள். ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சிக்கொண்டால் பலகை தயார். முத்தாக உருண்டு நின்றால் ஈரமோ மெழுகோ பழைய பூச்சோ இன்னும் இருக்கிறது.

பழைய சாம்பல் பலகையை அழுத்தமான பம்புத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். அது மென்மையான நார்களைக் கிழித்து உரோமம் எழுப்பிவிடும். சோடியம் பெர்கார்பனேட் கரைசலும் நார் பிரஷும் போதும். இரும்புக்கறைக்கு ஆக்சாலிக் அமிலம். கையுறை போட்டுக்கொண்டு, பிறகு நன்றாக அலசிவிட வேண்டும். செடிகள் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூசுகிற வேலையில் நான் வலியுறுத்துவது வெட்டுமுனையைத்தான். பலகையின் மேல்முனையில் பிரஷை வைத்து எடுத்தால் அந்த இடம் கண்முன்னே உறிஞ்சி மறுபடி காய்ந்ததாகத் தெரியும். திரும்ப வையுங்கள், திரும்பக் குடிக்கும். இனிமேல் குடிக்காது என்று பளபளத்து நிற்கும்வரை விடக்கூடாது. பலகைகளைச் சட்டத்தில் அடிப்பதற்கு முன்பே முனைகளை ஒரு தட்டில் ஊற்றிய ஸ்டெயினில் நிறுத்திவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. வேலிக்காலின் தலையில் சரிவான ஒரு மூடிப்பலகையோ தகடோ வைத்துவிட்டால் எந்தப் பூச்சும் செய்யாததை அது செய்யும்.

மற்றபடி, நிறமி அடியில் தங்குவதால் டப்பாவை அடிக்கடி கலக்க வேண்டும். இரண்டு டப்பா என்றால் பெரிய வாளியில் ஒன்றாக்கிக் கலந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் நிறம் மாறும். ஒரு பலகையைத் தலைமுதல் அடிவரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பாதியில் விட்டால் காய்ந்த விளிம்பின் மேல் அடுத்த பூச்சு ஏறி இருண்ட பட்டை விழும். உச்சி வெயிலில் பூசக் கூடாது. நிழல் நகர்வதைப் பின்தொடர்ந்து பூசிக்கொண்டே போகலாம். எண்ணெய் வகை என்றால் கால்மணி நேரம் கழித்து, உறிஞ்சாமல் மினுங்குகிற மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் அது பிசுபிசுத்த படலமாகி, உரியாத பூச்சைத் தேர்ந்தெடுத்ததன் பயனே போய்விடும்.

அந்தத் துணியைப் பற்றிக் கவனமாக இருங்கள். ஆளிவிதை எண்ணெய் காய்வது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து. அப்போது வெப்பம் வெளிவரும். சுருட்டி மூலையில் போட்ட துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். வெளியில் விரித்துக் காயப் போட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் வைக்க வேண்டும்.

மறுபூச்சுக்கு வேலி முழுவதும் மங்கும்வரை காத்திருக்க வேண்டாம். வெயில் பக்கம் எப்போதும் முந்திக்கொள்ளும். நிழல் பக்கத்தில் நிறம் அப்படியே இருக்க, வெயில் பக்கத்தில் தண்ணீர்ச் சொட்டு முத்தாக நிற்காமல் உறிஞ்சத் தொடங்கியிருக்கும். அப்போது அந்தப் பக்கத்துக்கு மட்டும், மேல்முனைகளோடு சேர்த்து, ஒரு கை பூசினால் போதும். நிழல் பக்கத்துக்கு இரண்டு முறைக்கு ஒரு முறை. வாங்கிய சரக்கின் பெயரையும் நிற எண்ணையும் டப்பா மூடியிலிருந்து குறித்து, கருவிகள் வைக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி வையுங்கள். அதே நிறத்தைத்தான் திரும்ப வாங்க வேண்டியிருக்கும்.